லும்பினி பூங்காவின் நீர் உடும்புகள்: 2016 பிடிப்பு நடவடிக்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

பாங்காக் நகரின் நடுவே, சீலோம் சாலையும் நான்காம் ராமா சாலையும் சந்திக்கும் முனையில் லும்பினி பூங்கா இருக்கிறது. தாய்லாந்து அளவையில் 360 ராய். நம் கணக்கில் சுமார் 142 ஏக்கர், 57 ஹெக்டேருக்குச் சற்றே கூடுதல். ஆறாம் ராமா என்ற வஜிராவுத் மன்னர் 1920களில் அமைத்த இடம். புத்தர் பிறந்த லும்பினியின் பெயரைச் சூட்டினார்கள். உள்ளே வெட்டி உண்டாக்கிய குளங்கள், அவற்றைச் சுற்றி 2.5 கிலோமீட்டர் ஓட்டப்பாதை. விடியுமுன்னே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். வெயில் ஏறியதும் குளத்திலிருந்து நீர் உடும்புகள் ஏறி வரும்.

2016இல் அங்கே ஏறக்குறைய 400 உடும்புகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். செடிகொடிகள் பாழாகின்றன, வருவோர் பயப்படுகிறார்கள் என்ற புகார்கள் சேர்ந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் நகர நிர்வாகம் அவற்றைப் பிடிக்கத் தொடங்கியது. முதல் சுற்றில் சுமார் 40 சிக்கின. அவற்றை ராட்சபுரி மாகாணத்தில் உள்ள வனவிலங்கு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பின்னும் லும்பினி குளக்கரை உடும்புக்குப் பெயர்போன இடமாகத்தான் இருக்கிறது; சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள்.

400 உடும்பை 57 ஹெக்டேரில் பரப்பினால் ஹெக்டேருக்கு ஏழு. இரண்டு மீட்டர் நீளும் ஊனுண்ணி ஒன்றுக்கு இது மிகப் பெரிய நெருக்கம். இத்தனையைத் தாங்கும்படி அந்தக் குளத்தில் என்ன இருந்தது என்று பார்க்காமல் பிடிப்பை மட்டும் அலசினால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

விலங்கு எது

அறிவியல் பெயர் வரானஸ் சால்வேட்டர். 1768இல் ஆஸ்திரிய இயற்கையியலாளர் லாரென்டி விவரித்த இனம். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், சுமாத்ரா, போர்னியோ பகுதிகளில் வாழ்வது மேக்ரோமாகுலேட்டஸ் என்ற துணையினம். அந்தமானுக்கு அந்தமானென்சிஸ் என்று தனித் துணையினம் உண்டு. இலங்கையில் இருப்பதுதான் பெயர்மூலத் துணையினம், அதாவது இனத்தின் பெயரையே தானும் கொண்டது. அங்கே அதன் பெயர் கபரகொய்யா. இதுவரை அளந்தவற்றில் மிக நீளமானதும் இலங்கையில், கண்டியில் கிடைத்ததுதான்: 321 சென்டிமீட்டர். இந்தியாவில் சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கனிகா, வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் நிக்கோபார் ஆகிய இடங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயலிலும் காட்டிலும் காணும் உடும்பு வேறு இனம், வரானஸ் பெங்காலென்சிஸ்.

இரண்டையும் பிரித்தறிய மூக்குத் துளையைப் பார்த்தால் போதும். நம்மூர் உடும்புக்குத் துளை சாய்ந்த கீறல் போல, கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடைப்பட்ட தூரத்தில் இருக்கும். நீர் உடும்புக்கு அது வட்டமாக, மூக்கு நுனியை ஒட்டியே இருக்கும். முதலையைப் போல மூக்கின் முனையை மட்டும் நீருக்கு மேல் நீட்டி மூச்சுவிட இந்த அமைப்பு தோது. வாலும் பக்கவாட்டில் தட்டையாகி, மேல் விளிம்பில் வரப்பு எழுந்து, துடுப்பாக வேலை செய்யும். நீந்தும்போது கால்கள் நான்கையும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உந்துவது முழுக்க வால்தான். நீருக்கடியில் அரை மணி நேரம் வரை தங்கும்.

வாலின் நீளத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பிடிப்பின்போது தேவைப்படும். இரண்டு மீட்டர் உடும்பில் தலையும் உடலும் சேர்ந்தே 80 சென்டிமீட்டர்தான். மீதி 120 சென்டிமீட்டர் வால். பல்லியைப் போல இது வாலைக் கழற்றிவிட்டு ஓடாது. ஒடிந்தால் திரும்ப வளராது.

தாய் மொழியில் இதன் பெயர் ஹியா. அதுவே அந்த மொழியின் மிக மோசமான வசைச்சொற்களில் ஒன்று. வீட்டுக் கோழியையும் வாத்தையும் திருடித் தின்ற பழைய பகை அதில் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்தால் கேடு என்றும் நம்புவார்கள். பேர் சொல்லக் கூசி, 'துவா ங்ஙென் துவா தோங்' என்பார்கள், வெள்ளியும் பொன்னும் என்ற பொருளில். 2009 வாக்கில் வரானஸ் என்பதிலிருந்து எடுத்து 'வொரனுச்' என்று புதுப்பெயர் வைக்கலாமா என்ற யோசனைகூட எழுந்தது. மக்கள் வாயில் அது ஏறவில்லை. இந்த வெறுப்பை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு நகரத்தில் எத்தனை உடும்பு 'அதிகம்' என்பதை முடிவு செய்வதில் இதற்கும் பங்கு உண்டு. அப்போது நடப்பில் இருந்த தாய்லாந்தின் 1992 வனவிலங்குச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனால்தான் கொல்லாமல் இடம் மாற்றினார்கள்.

அதன் சொந்த இடம்

நீர் உடும்பின் இயல்பான இருப்பிடம் அலையாத்திக் காடு, ஆற்றோரம், சதுப்பு நிலம், கழிமுகம். உப்பு நீரைத் தாங்கும். கடலில் நீந்தித் தீவுக்குத் தீவு போகும். 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சுற்றுத் தீவுகள் சாம்பலான பிறகு அங்கே முதலில் வந்து சேர்ந்த ஊர்வனவற்றில் இதுவும் ஒன்று.

ஓர் இடம் இதற்கு ஒத்துவர நான்கு வசதிகள் வேண்டும். ஆபத்து வந்தால் விழுந்து மறைய ஆழமான நீர். அந்த நீருக்கு இரண்டெட்டில் வெயில் காய ஓரிடம், ஏனென்றால் உடல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை நெருங்கினால்தான் அதற்குச் சுறுசுறுப்பு வரும். முட்டையிடப் பொந்தோ கரையான் புற்றோ பட்ட மரமோ. நான்காவது தீனி. தீனியில் இது கறாரே இல்லை: மீன், நண்டு, தவளை, எலி, பாம்பு, பறவை முட்டை, முதலை முட்டை, செத்த நாய் எதுவும் ஆகும். பெரிய துண்டு கிடைத்தால் தலையை ஆட்டிக் கிழித்து, தொண்டையை விரித்து முழுசாக இறக்கும். பிளவுபட்ட நாக்கால் காற்றைத் துழாவி, அழுகல் இருக்கும் திசையைத் தூரத்திலிருந்தே பிடிக்கும். காட்டில் அதன் வேலையில் பாதி துப்புரவுதான்.

காட்டில் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. உவர்நீர் முதலையும் மலைப்பாம்பும் பெரியவற்றைத் தின்னும். பிறந்தபோது கால் மீட்டர் அளவே இருக்கும் குஞ்சுகளைக் கொக்கும் நாரையும் பெரிய மீனும் பிடிக்கும். பெரிய உடும்பே சின்ன உடும்பைத் தின்னும். அதனால் குஞ்சுகள் முதல் காலத்தை மரத்தின் மேலேயே கழிக்கும். இந்தோனேசியாவில் தோல் வணிகமும் வேட்டையாடியாகச் சேர்ந்துகொண்டது: சில ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தோல்கள் சந்தைக்குப் போயின. அத்தனைக்கும் இனம் தாங்கி நிற்கிறது என்றால் அதன் பெருகும் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

குளம் எப்படி நிரம்பியது

லும்பினியில் இந்த நான்கும் இருக்கின்றன. முதலையும் வேட்டைக்காரனும் இல்லை. கூடுதலாக ஒன்று சேர்ந்தது: நிற்காத தீனி.

பௌத்த நாடுகளில் உயிர்களை விடுவிப்பது புண்ணியம். கெளுத்தியும் ஆமையும் வாங்கிக் குளத்தில் விடுவார்கள், பிறகு அவற்றுக்கு ரொட்டி போடுவார்கள். ரொட்டி தின்று மீன் பெருகும். உடும்புக்கு அது வைத்த பந்தி. பூங்காவைச் சுற்றியுள்ள உணவுக் கடைகளின் மிச்சம், குப்பைத் தொட்டி, பறவைகளுக்குப் போட்ட தீனி, அதைத் தின்ன வரும் எலி, செத்து மிதக்கும் மீன் என்று எல்லாம் ஒரே வயிற்றுக்குப் போகின்றன. ரொட்டித் துண்டை உடும்பு நேராகத் தின்பது அபூர்வம். ரொட்டி மீனாகி, மீன் உடும்பாகிறது. அதனால் 'உடும்புக்கு உணவளிக்காதீர்' என்று மட்டும் பலகை வைப்பதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. மீனுக்குப் போடுகிறவர் தன்னை அதில் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

மனித மிச்சத்துக்கும் உடும்பு எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு ஊகம் அல்ல. ஜாவாவுக்குத் தெற்கே தின்ஜில் தீவில் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. உணவு மிச்சம் கொட்டும் முகாமை ஒட்டி உடும்புகள் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. போர்னியோவின் கினபத்தங்கான் ஆற்றோரத்தில் செய்த ஆய்வுகளும், காடு அழித்து எண்ணெய்ப்பனை வைத்த நிலத்தில் எலியை நம்பி இவ்வுடும்பு நன்றாகவே பிழைப்பதைச் சொல்கின்றன. மனிதன் மாற்றிய நிலம் எல்லா விலங்குக்கும் கேடு என்ற பொதுப்பேச்சு இதனிடம் செல்லாது.

கரையின் அமைப்பையும் பார்க்க வேண்டும். பூங்காக் குளத்தின் புல் சரிவு நீரில் போய் முடிகிறது. உடும்பு ஏறவும் இறங்கவும் இதைவிட நல்ல வழி வேண்டியதில்லை. அந்தச் சரிவின் மேலே இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே பாதை ஓடுகிறது. மிரண்ட உடும்பு நேர்கோட்டில் நீரை நோக்கிப் பாயும். ஓடுகிறவருக்கும் நீருக்கும் நடுவே அது மாட்டினால் மனிதனைத் துரத்துவது போலத் தெரியும். சைக்கிளுக்குக் குறுக்கே பாய்வதும் இதே கணக்குதான். புகார்களில் கணிசமானவை நடத்தையால் வருபவை அல்ல, பாதையின் இடத்தால் வருபவை என்பது எங்கள் கணிப்பு.

பிடிப்பு: எப்படி, எங்கே தவறும்

நீர் உடும்பைப் பிடிக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உண்டு: கூண்டு வைப்பது, முனையில் கயிற்றுச் சுருக்கு உள்ள சுருக்குக் கழி போடுவது.

கூண்டில் மீன் தலை, கோழிக் குடல் போன்று வாடை எழும் இரையை உள்கோடியில் கம்பியால் கட்ட வேண்டும். சும்மா வைத்தால் வாயில் கவ்விக்கொண்டு, கதவை விழவைக்கும் மிதிபலகையை மிதிக்காமலே பின்வாங்கிவிடும். நாய்க்கு வைக்கும் ஒரு மீட்டர் கூண்டு இதற்கு ஆகாது. தலையும் உடலும் உள்ளே போய் மிதிபலகை தட்டும்போது வால் வெளியே கிடக்கும். விழும் கதவு வாலை நசுக்கும். இரண்டு மீட்டர் உடும்புக்கு இரண்டு மீட்டர் கூண்டே வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் ரப்பரோ மூங்கில் துண்டோ வைத்து, இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு கூண்டை வெட்டவெளியில் வைப்பது. காலை ஒன்பதுக்கு மாட்டிய உடும்பு நண்பகல் வெயிலில் கம்பிக்குள் கிடந்தால் செத்துவிடும், ஓடி நீரில் விழ அதற்கு வழியில்லை. மர நிழலில் வைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டு, காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் மாலையிலும் பார்த்துவர வேண்டும். நீர்விளிம்பில் வைத்தால் மழையில் குளம் ஏறி மூழ்கும். பாங்காக்கில் செப்டம்பர், அக்டோபர்தான் மழை உச்சம்.

சுருக்குக் கழி வேகமானது, ஆள் பழகியிருக்க வேண்டும். புதியவர் செய்யும் பிழை, சுருக்கைக் கழுத்தில் மட்டும் போடுவது. உடும்பு தன்னைத்தானே முறுக்கி உருளும். கழுத்து நெரியும், இல்லாவிட்டால் தலை உருவிக்கொண்டு போகும், ஏனென்றால் அதன் தலை கழுத்தைவிடப் பெரிதாக அகலம் கிடையாது. சுருக்குக்குள் கழுத்தோடு ஒரு முன்னங்காலும் சேர வேண்டும். அப்போது இறுக்கம் தோளில் விழும்.

அடுத்தது கை. இரண்டு பேர் தேவை. ஒருவர் ஒரு கையால் தலைக்குப் பின்னே கழுத்தையும் மறு கையால் முன்னங்கால்களுக்குப் பின்னாலும் அழுத்துவார். மற்றவர் பின்னங்கால்களை வாலடியோடு சேர்த்துப் பிடித்து, வாலைத் தன் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். வாலைப் பிடித்துத் தூக்கினால் உடல் வளைந்து நகங்கள் கைக்கு வரும். உடும்புப்பிடி என்று சும்மா சொல்லவில்லை. நகம் பதிந்த துணியைக் கிழித்தால்தான் பிரிக்க முடியும். 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்ற பழமொழி பிடிக்கப் போனவர் சொல்லித்தான் பிறந்திருக்கும்.

வாயைக் கட்ட மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப் போதும், மூன்று சுற்று. இங்கேதான் மூக்குத் துளை இருக்கும் இடம் உயிர்நாடி ஆகிறது. துளை நுனியிலேயே இருப்பதால், அவசரத்தில் வாயின் முனையில் டேப் சுற்றினால் மூச்சு அடைபடும். துளைக்குப் பின்னால், கண்ணுக்கு முன்னால் சுற்ற வேண்டும். கண்ணைத் துணியால் மூடினால் போராட்டம் சட்டெனத் தணியும். சந்தைகளில் செய்வது போல முன்னங்கால்களை முதுகுக்குப் பின்னே முறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது. தோள் மூட்டு விலகும், மணிக்கணக்கில் விட்டால் பாதத்துக்கு ரத்தம் போகாது. பருத்திச் சாக்கு, ஒரு சாக்குக்கு ஒன்று. ஒரே கூண்டு வண்டியில் நான்கைந்தைக் குவித்தால் வந்து சேரும்போது கடிபட்ட வாலும் கிழிந்த விலாவுமாக இருக்கும்.

கடித்தால் காயம் ஆழமாக, நீளக் கீறலாக இருக்கும். பற்கள் பின்னோக்கி வளைந்து, ரம்ப விளிம்பு கொண்டவை. கவ்வியதை இழுத்துப் பறித்தால் சதையோடு வரும். தண்ணீரில் அமிழ்த்தினாலோ தரையில் நிதானமாக விட்டாலோ தானாக விடும். உடும்பு வகைகளின் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பி இருப்பதாக 2006இல் ஓர் ஆய்வு சொன்னது. அது எவ்வளவு பொருட்படுத்தத் தக்கது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. களத்தில் கவலை கிருமித் தொற்றுதான். ஓடும் நீரில் சோப்புப் போட்டு பத்துப் பதினைந்து நிமிடம் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கும் தேவைப்பட்டால் தையலுக்கும் மருத்துவரிடம் போக வேண்டும். கடிபடாவிட்டாலும் கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. சால்மொனெல்லா கிருமி இவற்றின் குடலில் சாதாரணம்.

நாற்பது போனால் என்ன ஆகும்

400இல் 40 என்றால் பத்தில் ஒரு பங்கு. ஒரு பெண் உடும்பு ஓர் ஈட்டில் 10 முதல் 40 முட்டை வரை இடும். மூன்று நல்ல பொந்துகள் பொரித்தாலே அந்த நாற்பதுக்கு மேல் குஞ்சு வந்துவிடும். அதில் பெரும்பாலானவை சாகும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றைக் கொல்வதில் முதலிடம் பெரிய உடும்புக்கு. பிடிப்பில் சிக்குவதும் துணிந்து மனிதன் பக்கத்தில் படுத்திருக்கும் பெரியவைதான். கூச்சமுள்ள சின்னவை எட்டாமல் இருக்கும். பெரியவற்றை எடுத்த குளத்தில் குஞ்சு பிழைப்பது கூடும் என்றே எதிர்பார்க்க வேண்டும். காலியான கரைத்துண்டுக்கு நகரின் க்ளோங் எனப்படும் கால்வாய்களும் வடிகால் குழாய்களும் வழியாகப் புதியவை வருவதும் தடையில்லாத காரியம். பாங்காக் முழுவதும் நீரால் இணைந்த ஊர். 2021இல் தாய்லாந்தில் ஒரு கடைக்குள் புகுந்து அலமாரி மேல் ஏறிய உடும்பின் காணொளி உலகமெல்லாம் சுற்றியது நினைவிருக்கலாம்.

மழைக்காலத்தைத் தேர்ந்ததும் கேள்விக்குரியது. தாய்லாந்தில் இவற்றின் இனப்பெருக்கம் மழையோடு ஒட்டியது. சினைப்பட்ட பெண் சிக்கினால் அடைப்பில் முட்டையை நீரிலேயே உதிர்த்துவிடும், சில சமயம் முட்டை உள்ளேயே தங்கி அதுவும் சாகும். பிடிப்பை வறட்சியான ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளினால் நீர் தாழ்ந்திருக்கும், பார்வைக்கும் எளிது.

போய்ச் சேர்ந்த இடத்திலும் சிக்கல் உண்டு. வளர்ந்த ஆண்கள் பின்னங்காலில் எழுந்து கட்டிப்பிடித்து மல்லுக்கு நிற்பவை. தோற்றது விலகி ஓட இடம் வேண்டும். சுற்றுச்சுவர் வைத்த அடைப்பில் ஓட இடமில்லை. காட்டில் விட்டாலோ, அங்கே ஏற்கெனவே உள்ள உடும்போடு மோத வேண்டும், பூங்கா உண்ணிகளும் கூடவே போகும், மனிதனைக் கண்டு ஓடாத பழக்கமும் போகும். ஆளைக் கண்டு ஓடாத உடும்பு கிராமத்துக் கோழிக்கூட்டுக்குப் போனால் முடிவு தெரிந்ததுதான்.

கரையில் செய்ய வேண்டியது

முதலில் எண்ண வேண்டும், ஒழுங்காக. வெயில் உள்ள மூன்று நாள், காலை எட்டிலிருந்து பத்து வரை, ஒரே பாதையில் ஒரே வேகத்தில் இருவர் நடந்து தனித்தனியாகக் குறிக்க வேண்டும்: ஒரு மீட்டருக்குக் கீழ், ஒன்று முதல் இரண்டு, இரண்டுக்கு மேல். கழுத்து, விலாப் புள்ளிகளைப் புகைப்படம் எடுத்தால் ஒன்றையே இருமுறை எண்ணுவது குறையும். பிடித்தவற்றுக்கு இடது பின்னங்கால் பக்கம் தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப் வைத்துவிட்டால், திரும்ப வருகிறதா என்பதும் தெரியும். இந்த வேலை நடக்காமல் 400 என்பதும் 300 என்பதும் வெறும் பேச்சு.

அடுத்து தீனி. மூடி தானாகச் சாயும் குப்பைத் தொட்டி, கடைகள் மூடும் முன் மிச்சத்தை அகற்றுவது, செத்த மீனைத் தினமும் காலையில் வலை போட்டு எடுப்பது. மீன் விடும் வழக்கத்தைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்; ரொட்டி போடும் இடத்தை ஒரே படித்துறைக்கு ஒதுக்கி, ஓட்டப்பாதையிலிருந்து எட்ட வைக்கலாம். உடும்பும் அங்கேதான் கூடும், பார்க்க வருகிறவர்களுக்கும் அதுவே வசதி.

கரையில், பாதை நீரை நெருங்கும் இடங்களில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்த புதர்வேலி. உடும்பு அதன் வழியே பாயாது, சுற்றிப் போகும். பாதை விலகியுள்ள இடங்களில் புல் சரிவை அப்படியே விட்டு, வெயில் காய இரண்டு மரக்கட்டை போட்டுவிட்டால் அது தேர்வது அந்த இடத்தைத்தான். குஞ்சு வேண்டாம் என்றால் பட்ட மரங்களின் அடிப்பொந்தையும் கரையோர வளைகளையும் மழை தொடங்கும் முன்னே, உள்ளே ஏதும் இல்லை என்று பார்த்து, மண் போட்டு இறுக்க வேண்டும். முட்டை பொரிய ஆறு முதல் பத்து மாதம் பிடிக்கும். மழை முடிந்த பின் மூடினால் உள்ளே ஓர் ஈடு இருக்கக்கூடும்.